கொடுக்கும் கையும் வாங்கும் கையும்: அரசியலர்க்கும் தூதர்க்கும் அரசு விருது

எல்லாக் குடிமக்களும் சமம் என்று அரசமைப்பிலேயே எழுதிவைத்திருக்கும் ஒரு குடியரசு, தன்னை ஆண்டவர்களுக்கும் தன் சார்பில் அயல்நாடுகளில் பேசியவர்களுக்கும் பதக்கம் அணிவிக்கலாமா? இந்தியாவில் இந்தக் கேள்வி 1948இல் அரசியல் நிர்ணய சபையில் எழுந்தது. 1969இல் மக்களவையில் தனிநபர் மசோதாவாக வந்து தோற்றது. 1977இல் ஓர் அமைச்சரவை கூடாது என்று நிறுத்தியது. இரண்டரை ஆண்டு கழித்து இன்னோர் அமைச்சரவை கூடும் என்று திரும்பக் கொண்டுவந்தது. 1995 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்புச் சொன்னது. அத்துடன் முடிந்தது என்று பலரும் நினைத்திருக்க, 2024இல் ஒரே ஆண்டில் ஐந்து பேருக்குப் பாரத ரத்னா அறிவிக்கப்பட்டது. அவர்களில் நால்வர் அரசியல் தலைவர்கள். விவாதம் மறுபடி பற்றிக்கொண்டது.

கலைஞருக்கும் விஞ்ஞானிக்கும் விருது கொடுப்பதில் இவ்வளவு சிக்கல் இல்லை. அங்கே அரசுக்கு வெளியே ஒரு மதிப்பீடு ஏற்கெனவே இருக்கிறது. சி.வி. ராமனுக்கு 1954இல் பாரத ரத்னா வழங்கியபோது, இயற்பியல் உலகம் கால் நூற்றாண்டுக்கு முன்பே சொல்லிவிட்டதை அரசு வழிமொழிந்தது, அவ்வளவுதான். அரசியல் பணியில் அப்படி வெளியே நிற்கும் மதிப்பீட்டாளர் யாருமில்லை. மதிப்பிடப்படுவது அரசின் செயல், மதிப்பிடுவதும் அரசு. ஆகவே, ஒருவர் விருதுக்குத் தகுதியானவரா என்ற சண்டையில் இறங்குவதற்கு முன், கொடுக்கும் கைக்கும் வாங்கும் கைக்கும் நடுவே எவ்வளவு தொலைவு இருக்கிறது என்று பார்க்க வேண்டும். இதுவரை வந்த விடைகள் ஒவ்வொன்றும் தடுமாறிய இடம் இந்தத் தொலைவுதான் என்பது இக்கட்டுரையின் வாதம்.

பட்டத்தைத் துறந்த தலைமுறை

பட்டத்தின் மீதான ஐயம் இந்தியாவுக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை. ராவ் பகதூர்களையும் திவான் பகதூர்களையும் பார்த்து வந்தது. ஆங்கில அரசு பட்டங்களை விசுவாசத்தின் கூலியாகவே கையாண்டது. சென்னை உயர் நீதிமன்றத்தின் முன்னாள் நீதிபதி சர் எஸ். சுப்பிரமணிய ஐயர், ஹோம் ரூல் இயக்கத்தின் சார்பில் 1917இல் அமெரிக்க அதிபர் உட்ரோ வில்சனுக்குக் கடிதம் எழுதினார். ஒரு குடிமகன் இன்னொரு நாட்டுத் தலைவரிடம் நேரடியாக முறையிட்டதை லண்டன் மன்னிக்கவில்லை. கடுமையான கண்டனம் வந்தபோது, 1918இல் அவர் தன் கே.சி.ஐ.இ. பட்டத்தையும் திவான் பகதூர் பட்டத்தையும் துறந்தார். அடுத்த ஆண்டு ஜாலியன் வாலாபாக் படுகொலையைக் கண்டித்து தாகூர் 'சர்' பட்டத்தை உதறினார். 1920இல் காந்தி கைசர்-இ-ஹிந்த் பதக்கத்தைத் திருப்பி அனுப்பினார். ஒத்துழையாமை இயக்கத்தின் திட்டத்தில் பட்டங்களைத் துறப்பது முதல் படிகளில் ஒன்றாக இடம்பெற்றது.

ஆனால் அந்தத் தலைமுறை முழுவதும் ஒரே கோட்டில் நிற்கவில்லை. வலங்கைமானில் பிறந்த வி.எஸ். சீனிவாச சாஸ்திரியைப் பாருங்கள். அரசியலர், தூதர் என்ற இரண்டு பெயர்களும் ஒருசேரப் பொருந்துகிற முதல் இந்தியர்களில் அவர் ஒருவர். 1927 முதல் 1929 வரை தென்னாப்பிரிக்காவில் இந்திய அரசின் முகவராக இருந்தவர். 1928இல் கே.சி.எஸ்.ஐ. பட்டம் தேடி வந்தபோது வேண்டாம் என்றார். 1930இல் 'கம்பானியன் ஆஃப் ஆனர்' விருதை ஏற்றுக்கொண்டார். முன்னது பெயருக்கு முன்னால் 'சர்' சேர்ப்பது. பின்னது அப்படிச் சேர்க்காதது. சிறப்பை ஏற்கலாம், பெயரோடு ஒட்டிக்கொள்ளும் பட்டத்தை ஏற்கலாகாது என்ற வேறுபாட்டை அவர் மனத்தில் வைத்திருந்தார் என்று கொள்ள இடமுண்டு. ஆனாலும் 1921இலேயே பிரிவி கவுன்சில் உறுப்பினரானதால் 'ரைட் ஆனரபிள்' என்ற அடைமொழி அவர் பெயரோடு ஒட்டி, கடைசிவரை பத்திரிகைகளில் உடன்வந்தது. கோடு போடுவது எளிது, அதன்மேல் நடப்பது கடினம் என்பதற்கு அவரே சான்று.

ஆற்காடு ராமசாமி முதலியாரின் வாழ்க்கை இன்னொரு வகையில் சொல்கிறது. நீதிக்கட்சியின் தலைவர்களில் ஒருவர், மைசூர் திவான், ஐ.நா. பொருளாதார சமூக அவையின் முதல் தலைவர். பேரரசின் கே.சி.எஸ்.ஐ. பட்டமும் அவரிடம் இருந்தது; குடியரசின் பத்ம பூஷணும் (1954), பத்ம விபூஷணும் (1970) அவருக்குக் கிடைத்தன. கொடுக்கும் அரசு தலைகீழாக மாறியும், பெறுபவர் மாறவில்லை. பழைய முறை முறிந்து புதிய முறை பிறந்தது என்று விருதின் ஆதரவாளர்கள் சொல்லும் கதையை இந்த ஒருவரின் பெயர் கொஞ்சம் அசைத்துவிடுகிறது.

தடை செய்க என்றவர்கள்

அரசமைப்பின் 18ஆம் பிரிவு, படைத்துறைச் சிறப்பும் கல்விச் சிறப்பும் நீங்கலாக எந்தப் பட்டத்தையும் அரசு வழங்கக் கூடாது என்கிறது. அயல்நாட்டுப் பட்டத்தைக் குடிமக்கள் ஏற்கக் கூடாது என்றும் சேர்த்துச் சொல்கிறது. இதை ஓர் உரிமை என்பதைவிடக் குடியுரிமையோடு வரும் கடமை என்றே பார்க்க வேண்டும் என்று அம்பேத்கர் சபையில் விளக்கினார். இப்படி ஒரு பிரிவை எழுதி நடைமுறைக்குக் கொண்டுவந்த நான்கே ஆண்டுகளில், 1954 ஜனவரி 2ஆம் நாள், பாரத ரத்னாவும் பத்ம விபூஷணும் தொடங்கப்பட்டன. பத்ம விபூஷணில் முதலில் மூன்று வகுப்புகள் இருந்தன: முதல் வர்க்கம், இரண்டாம் வர்க்கம், மூன்றாம் வர்க்கம். இந்தப் பெயர்கள் மறு ஆண்டே மறைந்து, இன்று நாம் அறியும் விபூஷண், பூஷண், ஸ்ரீ என்று மாறின. வகுப்பு என்ற சொல் போயிற்று, படிநிலை அப்படியே இருந்தது.

முழுத் தடையைக் கேட்டவர்களில் மிக முக்கியமானவர் ஆச்சார்யா கிருபளானி. விருதுகளை ஒழிக்க 1969இல் அவர் கொண்டுவந்த மசோதாவில் இரண்டு காரணங்கள் இருந்தன. முன்வாசலில் விரட்டப்பட்ட பட்டங்கள் விருது என்ற பெயரில் கொல்லைப்புறமாக உள்ளே வந்துவிட்டன என்பது ஒன்று. ஒருவருடைய தகுதியை எடைபோட அன்றன்றைய அரசாங்கம் பொருத்தமான நீதிபதி அல்ல என்பது மற்றொன்று. மசோதா தோற்றது. மொரார்ஜி தேசாய் தலைமையிலான ஜனதா அரசு 1977 ஜூலையில் விருதுகளை நிறுத்தியபோது கிருபளானியின் நிலைப்பாடே அரசின் கொள்கையானது. 1980 ஜனவரியில் இந்திரா காந்தி அரசு அவற்றை மீட்டது. அதே மொரார்ஜிக்குப் பாகிஸ்தான் 1990இல் நிஷான்-இ-பாகிஸ்தான் வழங்கியது. 1991இல் இந்திய அரசு பாரத ரத்னாவும் வழங்கியது. இரண்டையும் அவர் ஏற்றார்.

கிருபளானியின் முதல் காரணத்தை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. பாலாஜி ராகவன் வழக்கில் 1995 டிசம்பர் 15 அன்று வந்த தீர்ப்பு, சிறந்த பணியை அங்கீகரிப்பது சமத்துவத்துக்கு எதிரானதல்ல என்றது. இவ்விருதுகள் 18ஆம் பிரிவு தடுக்கும் பட்டங்கள் அல்ல, ஆனால் பெயருக்கு முன்னாலோ பின்னாலோ இவற்றைச் சேர்க்கக் கூடாது என்றது. சட்டப்படி இது ஒழுங்கான விடை. சமூகத்தில் இது எவ்வளவு நிற்கிறது என்பது வேறு கதை. சிவாஜி கணேசனுக்குப் பிரெஞ்சு அரசு 1995இல் அளித்த கலை விருது, சென்னை தியாகராய நகரில் ஒரு தெருப் பெயர்ப்பலகையிலேயே 'செவாலியே' என்று ஏறி நிற்கிறது. எம்.ஜி.ஆர். பெயருக்கு முன்னால் 'பாரத ரத்னா' போடாத கட்சிச் சுவரொட்டியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். விருது பெற்றவர் தாமாகச் சேர்ப்பதை நீதிமன்றம் தடுக்கலாம். ஊர் சேர்ப்பதைத் தடுக்க வழியில்லை.

ஆனால் கிருபளானியின் இரண்டாவது காரணம் வலுவானது, அதற்கு முழு விடை இன்னும் வரவில்லை. அந்த வழக்கிலேயே நீதிபதி குல்தீப் சிங் தனியாக எழுதிய தீர்ப்பு அந்த இடத்தைத் தொட்டது. தெளிவான அளவுகோல் இல்லாததால் விருது மலிந்துவிட்டது என்று கண்டித்து, மக்களவைத் தலைவர், தலைமை நீதிபதி அல்லது அவர் நியமிப்பவர், எதிர்க்கட்சித் தலைவர் போன்றோர் அடங்கிய தேசியக் குழுவை அது பரிந்துரைத்தது. அடுத்து 1996இல், குடியரசுத் துணைத்தலைவர் கே.ஆர். நாராயணன் தலைமையில் மறுஆய்வுக் குழு அமைந்தது. தூதராகப் பணியாற்றி அரசியலுக்கு வந்த ஒருவர் அந்தக் குழுவுக்குத் தலைமை ஏற்றது பொருத்தமான தேர்வு.

தகுதிக்கு மரியாதை என்றவர்கள்

எதிர்த்தரப்பின் வாதம் பழமையானது. பிரெஞ்சுப் புரட்சி அரசவை விருதுகளை ஒழித்தது. 1802இல் நெப்போலியன் லெஜியன் ஆஃப் ஆனர் என்ற புதிய விருதை நிறுவினார். குலத்தைப் பார்க்காமல் பணியைப் பார்த்து மரியாதை செய்வது குடியரசுக்கு இசைந்ததே என்பது அதன் அடிப்படை. இந்தியாவில் இந்த வாதத்தின் நல்ல வடிவம் இப்படி அமையும்: நாட்டுக்காக உழைத்தவரைப் பொருளால் ஈடுகட்ட முடியாது, மரியாதையால் முடியும். பாரத ரத்னாவோடு பணமுடிப்பு எதுவும் இல்லை என்பது உண்மைதான். பதக்கத்தையே எடுத்துப் பாருங்கள்: அரச இலை வடிவம், 5.8 செ.மீ. நீளம், 4.7 செ.மீ. அகலம், 3.1 மி.மீ. தடிமன். நிறமேற்றிய வெண்கலம், நடுவில் பிளாட்டினச் சூரியன், அதன்கீழ் தேவநாகரி எழுத்து, மறுபக்கம் சிங்க இலச்சினை. கொல்கத்தா அலிப்பூர் நாணயச்சாலையில் செய்து, வெள்ளை ரிப்பனில் கோக்கப்படுகிறது. அதன் மதிப்பு முழுவதும் கொடுக்கும் கையின் நாணயத்தில் அடங்கியிருக்கிறது. கொடுப்பவர் மீது நம்பிக்கை குறைந்தால் பதக்கத்தில் மிஞ்சுவது வெண்கலம்தான்.

இதனால்தான் பதவியில் இருப்பவருக்கு வழங்குவது இந்த வாதத்தின் பலவீனமான இடமாகிறது. பாரத ரத்னா பெற்ற முதல் மூவரில் ஒருவரான ராதாகிருஷ்ணன் அப்போது குடியரசுத் துணைத்தலைவர்; அதற்கு முன் மாஸ்கோவில் தூதர். அதே 1954இல் பத்ம விபூஷண் பெற்ற ஆறு பேரில் வி.கே. கிருஷ்ண மேனனும் பி.ஜி. கேரும் இருந்தார்கள். இருவரும் அரசியலர்கள், இருவரும் அடுத்தடுத்து லண்டனில் இந்திய ஹைகமிஷனராக இருந்தவர்கள். அதாவது, அரசியலருக்கும் தூதருக்கும் விருது என்பது பின்னாளில் வந்த சீரழிவு என்ற கருத்துக்கு ஆதாரம் இல்லை. விருது பிறந்த ஆண்டிலேயே அது உடன் பிறந்தது. 1955 ஜூலையில் ஒரு விருந்தில் குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத், பதவியில் இருந்த பிரதமர் நேருவுக்கே பாரத ரத்னா அறிவித்தார். பிரதமரின் பரிந்துரை இன்றித் தாமாகவே செய்வதாகவும், இது அரசமைப்பு முறைக்குப் புறம்பானது என்று சொல்லப்படக்கூடும் என்றும் அந்த விருந்திலேயே அவர் ஒப்புக்கொண்டார். நேருவின் தகுதியை அன்று ஐயுற்றவர் மிகச் சிலரே. ஆனாலும் ஒரு வழி திறந்துவிட்டது. உள்துறை அமைச்சராக இருந்தபோதே கோவிந்த வல்லப பந்த் 1957இல் பெற்றார். 1971இல் இந்திரா காந்தி பிரதமராக இருந்தபடி பெற்றார். அப்போதைய குடியரசுத் தலைவர் வி.வி. கிரி, பதவிக்காலம் முடிந்தபின் 1975இல், இந்திரா ஆட்சியில் பெற்றார். இதைக் கைம்மாறு என்று நிறுவ ஆவணம் எதுவும் இல்லை. ஆனால் அப்படி யாரும் கேட்க இடம் வைப்பதே விருதுக்குச் செய்யும் தீங்கு. விருதைத் தீர்மானிக்கும் இடத்தில் இருப்பவர் தாமே பெறுவது சரியாகாது என்று அபுல் கலாம் ஆசாத் வாழ்நாளில் மறுத்ததாகச் சொல்லப்படுகிறது. அவருக்கு விருது 1992இல்தான், மறைவுக்குப் பின், வந்தது.

இங்கே ஒரு மறுப்பை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். விருது விசுவாசத்தை விலைக்கு வாங்குகிறது என்றால், ராஜாஜியின் கதை என்ன? முதல் பாரத ரத்னாக்களில் ஒன்றைப் பெற்றவர், ஐந்தே ஆண்டில் சுதந்திரா கட்சியைத் தொடங்கி நேருவின் பொருளாதாரக் கொள்கையை நாடெங்கும் எதிர்த்துப் பேசினார். எதிர்க்கட்சியான பாஜகவின் மூத்த தலைவராக இருந்த வாஜ்பாய்க்கு 1992இல் காங்கிரஸ் அரசு பத்ம விபூஷண் கொடுத்தது. அரசியல் வாழ்வின் பெரும்பகுதியைக் காங்கிரஸில் கழித்த பிரணாப் முகர்ஜிக்கு 2019இல் பாஜக அரசு பாரத ரத்னா கொடுத்தது. இவை உண்மையான எதிர்ச்சான்றுகள், ஒதுக்கிவிட முடியாதவை. ஆனால் அவை காட்டுவது என்ன? கட்சி எல்லையைத் தாண்டிக் கொடுக்கும்போது விருதுக்கு மதிப்பு ஏறுகிறது. அங்கே கொடுக்கும் கை வேறு, வாங்கும் கை வேறு. இந்தச் சான்றுகள் தொலைவின் பக்கமே சாய்கின்றன.

மறைந்தவர்களும் தேர்தல்களும்

அப்படியென்றால் காலம் கடத்திக் கொடுத்தால் போதுமே, மறைவுக்குப் பின் கொடுக்கலாமே என்று தோன்றலாம். 1954 விதியில் மறைந்தவருக்கு இடமில்லை. 1955இல் திருத்தி அனுமதித்தார்கள். 1966இல் லால் பகதூர் சாஸ்திரி மறைவுக்குப் பின் பெற்ற முதல்வர். இறந்தவர் கைம்மாறு செய்ய முடியாது என்பதால் இது தூய்மையான வழிபோலத் தெரிகிறது. நடந்தது வேறு. மறைந்தவருக்கு வாரிசு உண்டு, சாதி உண்டு, மாநிலம் உண்டு, கட்சி உண்டு.

தமிழ்நாடு இதை இரண்டு முறை பார்த்தது. 1975 அக்டோபர் 2 அன்று காமராசர் மறைந்தார். 1976இல், நெருக்கடி நிலைக் காலத்தில், பாரத ரத்னா அறிவிக்கப்பட்டது. தம் இறுதிக் காலத்தில் இந்திராவின் எதிர்முகாமில் இருந்தவர் அவர். 1987 டிசம்பர் 24 அன்று எம்.ஜி.ஆர். மறைந்தார், 1988இல் விருது வந்தது, 1989 ஜனவரியில் சட்டமன்றத் தேர்தல். இருவரின் புகழையும் இந்த நாள்கணக்கு குறைக்காது. மதிய உணவும் பள்ளிகளும் விருதால் வந்தவை அல்ல, விருது இல்லாவிட்டால் மறையப்போவதும் இல்லை. ஆனால் அம்பேத்கருக்கு 1990இலும், வல்லபபாய் பட்டேலுக்கு 1991இலும்தான் பாரத ரத்னா கிடைத்தது என்பதை அருகில் வைத்துப் பார்த்தால், வரிசையைத் தகுதி தீர்மானிக்கவில்லை என்பது விளங்கும். 2024இலும் இதே கேள்வி. ஜனவரி 23 அன்று கர்ப்பூரி தாக்கூருக்கு அறிவிப்பு. அதே மாத முடிவுக்குள் பீகாரில் நிதிஷ் குமார் அணி மாறினார். பிப்ரவரி 9 அன்று சரண் சிங்குக்கு அறிவிப்பு. அவர் பேரனின் கட்சி சில வாரங்களில் ஆளும் கூட்டணிக்குப் போயிற்று. ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று நிறுவ முடியாது. ஆண்டுக்கு மூவர் என்ற வரம்பை மீறி ஐந்து பேருக்கு, பொதுத்தேர்தலுக்கு முன் அறிவிக்கப்பட்டது என்பது மட்டும் நிறுவத் தேவையில்லாத செய்தி.

இதற்கு எதிராக ஒரு வலுவான நிலைப்பாடும் உண்டு: விருது என்பது தேசம் தன் நினைவில் யாரைச் சேர்க்கிறது என்ற அறிவிப்பு. பிற்படுத்தப்பட்டோர் அரசியலை வட இந்தியாவில் வளர்த்த கர்ப்பூரி தாக்கூரை ஏற்பதில் அரசியல் நோக்கம் இருந்தாலும், அந்த ஏற்பின் பொருள் அதனால் பொய்யாகிவிடாது. அம்பேத்கருக்கான விருது வி.பி. சிங் அரசின் அரசியலோடு பிரிக்க முடியாதது. யாரும் அதைத் திரும்பப் பெறச் சொல்லமாட்டார்கள். இந்த வாதம் எனக்கு ஏற்புடையதே. ஆனால் இது எவருக்கும் பொருந்துகிற வாதம். கொடுக்கக் கூடாத ஒருவரை அடையாளம் காட்ட இதனிடம் வழியே இல்லை. நேதாஜிக்கு 1992இல் மறைவுக்குப் பிந்தைய விருது அறிவிக்கப்பட்டு, அவர் மறைவையே ஏற்காதவர்கள் நீதிமன்றம் போக, 1997இல் அந்த அறிவிப்பே ரத்தானது. நினைவை அரசாணையால் முடித்துவைக்கப் பார்த்தால் அது முரண்டு பிடிக்கும்.

தூதரின் வழக்கு தனி

அரசியலரின் பணி பாதியாவது வெளிச்சத்தில் நடக்கிறது. தேர்தல் என்ற தீர்ப்பும் உண்டு. தூதரின் பணி அப்படியல்ல. அவர் நன்றாகச் செய்த வேலை பெரும்பாலும் நடக்காமல் போன தகராறாக இருக்கும். கோப்புகள் திறக்கும்வரை அவர் சொன்ன யோசனை எது, அமைச்சர் மாற்றியது எது என்று பிரிக்க முடியாது. ஆகவே உடனடியாகக் கொடுக்கும் விருது, பணியைவிட அவர் இருந்த நாற்காலியையும் அந்த நேரத்து வெற்றியையும் பார்த்தே கொடுக்கப்படும். இப்போதைய பத்ம விதிகளில், மருத்துவரும் விஞ்ஞானியும் தவிர, பணியில் இருக்கும் அரசு ஊழியர் விருதுக்குத் தகுதியற்றவர். தூதர் ஓய்வு பெற்றபின்தான் பெற முடியும். தொலைவு பற்றிய உணர்வு விதியாகவே எழுதப்பட்டிருக்கும் அரிய இடம் இது. அமைச்சருக்கு அப்படி ஒரு விதி இல்லை என்பது கவனிக்கத்தக்கது.

ஓய்வும் முழுத் தொலைவைத் தந்துவிடாது. வெளியுறவுப் பணியிலிருந்த நட்வர் சிங் 1984இல் பத்ம பூஷண் பெற்றார். அதே ஆண்டு காங்கிரஸில் சேர்ந்து மக்களவைக்குப் போனார். வெளியுறவுச் செயலராக இருந்து 2018இல் ஓய்வு பெற்ற எஸ். ஜெய்சங்கர் 2019இல் பத்மஸ்ரீ பெற்றார். மே மாதம் வெளியுறவு அமைச்சரானார். இருவரின் தகுதியையும் குறைசொல்ல இதில் எதுவும் இல்லை. ஆனால் விருது, பழைய பணிக்கான முற்றுப்புள்ளியா, புதிய பணிக்கான முன்னுரையா என்று வெளியே இருப்பவர் பிரித்தறிய முடியாத நிலை உருவாகிறது.

மறுத்தவர்களின் வாதம் இங்கேதான் கூர்மையாகிறது. இந்திய-சோவியத் உடன்படிக்கையிலும் சிம்லா ஒப்பந்தத்திலும் பெரும்பங்கு வகித்த பி.என். ஹக்சர், 1973இல் பத்ம விபூஷணை மறுத்தார். செய்த வேலைக்கு விருது வாங்குவது விளக்க முடியாத சங்கடத்தைத் தருகிறது என்பது அவர் சொன்ன காரணத்தின் சாரம். பாதுகாப்புக் கொள்கை அறிஞரான கே. சுப்ரமணியம் 1999இல் பத்ம பூஷணை மறுத்தார். அரசு அதிகாரிகளும் பத்திரிகையாளர்களும் அரசிடம் விருது பெறக் கூடாது என்பது அவர் கொள்கை. அவர் ஜெய்சங்கரின் தந்தை. ஒரே வீட்டில் இருபது ஆண்டு இடைவெளியில் இரண்டு விடைகள். தந்தை எழுத்தாளராகவும் இருந்தார், அரசை விமர்சிக்கும் சுதந்திரத்தைக் காத்துக்கொள்ள வேண்டியிருந்தது. மகனுக்கு அந்தக் கடப்பாடு இல்லை. எனவே இரண்டு விடையும் தத்தம் இடத்தில் நியாயமாகலாம். ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாட் 1992இலும், புத்ததேவ் பட்டாச்சார்யா 2022இலும் மறுத்தது கட்சிக் கொள்கை சார்ந்தது. மறுப்பவரின் அறம் உயர்ந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஓர் அமைப்பின் குறையைத் தனிமனிதரின் கூச்சத்தால் சரிசெய்ய முடியாது. கூச்சப்படுபவர் விலகிக்கொள்ள, கூச்சப்படாதவரின் பெயர்களால் பட்டியல் நிரம்பும்.

அயல்நாடு அணிவிக்கும்போது

அயல்நாட்டு விருதில் கேள்வி திசைமாறுகிறது. இங்கே ஐயம் கைம்மாறு பற்றியதல்ல, விசுவாசம் பற்றியது. அமெரிக்க அரசமைப்பு, தன் அதிகாரிகள் அயல்நாட்டு மன்னரிடமோ அரசிடமோ பரிசும் பட்டமும் ஏற்க நாடாளுமன்ற ஒப்புதல் தேவை என்று 1787இலேயே எழுதியது. அதற்குச் சற்று முன்புதான் பிரெஞ்சு மன்னர் பதினாறாம் லூயி, விடைபெற்ற தூதர் பெஞ்சமின் பிராங்க்ளினுக்கு வைரம் பதித்த மூக்குப்பொடி டப்பாவைப் பரிசளித்திருந்தார். ஒரு தூதர் யாரோடு பேரம் பேசவேண்டியிருந்ததோ, அவரிடமே வைரம் வாங்குவது அந்தப் புதிய குடியரசை அமைதியிழக்கச் செய்தது. சுவிட்சர்லாந்து இன்னும் ஒருபடி போய்த் தானும் விருது வழங்குவதில்லை, தன் அதிகாரிகள் பிறரிடம் வாங்கவும் விடுவதில்லை.

இந்திய நடைமுறை இதற்கு நேர்மாறாக நெகிழ்ந்திருக்கிறது. பிரதமர் நரேந்திர மோடிக்கு 2016இல் சவூதி அரேபியாவும் ஆப்கானிஸ்தானும், 2018இல் பாலஸ்தீனமும், 2019இல் ஐக்கிய அரபு அமீரகமும், 2020இல் அமெரிக்காவும், 2023இல் எகிப்தும் பிரான்ஸும், 2025இல் இலங்கையும் உயர்விருது வழங்கின. ரஷ்யா 2019இல் அறிவித்ததை 2024இல் அணிவித்தது. ஆதரவாளர்கள் இதைத் தலைவரின் பெருமையாகவும், எதிர்ப்பவர்கள் வெறும் அலங்காரமாகவும் படிக்கிறார்கள். இரண்டும் ஒரே தவற்றைச் செய்கின்றன: விருதைத் தனிமனிதருக்கு உரியதாகக் கொள்கின்றன. இத்தகைய விருது ஓர் அரசு இன்னோர் அரசுக்கு அனுப்பும் செய்தி. அமீரக விருது அணிவிக்கப்பட்டது 2019 ஆகஸ்ட் 24; ஜம்மு-காஷ்மீரின் சிறப்பு நிலை அதே மாதத் தொடக்கத்தில்தான் நீக்கப்பட்டிருந்தது. விருது அதற்கு முன்பே அறிவிக்கப்பட்டது. ஆனாலும் அந்த நாளில் அணிவித்ததை இஸ்லாமாபாத் எப்படி வாசித்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. மொரார்ஜிக்குப் பாகிஸ்தான் கொடுத்ததும் இந்த வகைதான். பதவி போய்ப் பத்தாண்டு ஆனவருக்குக் கொடுத்ததால் அதில் தனிமனித மரியாதையும் கூடுதலாகக் கலந்திருந்தது என்று சொல்லலாம்.

சட்ட நிலை தெளிவாக இல்லை. 18ஆம் பிரிவு அயல்நாட்டுப் பட்டத்தைத் தடுக்கிறது. அரசுப் பதவியில் இருப்பவர் அயல்நாட்டுப் பரிசை ஏற்கக் குடியரசுத் தலைவரின் இசைவு வேண்டும் என்கிறது. பெயரோடு சேராத விருது பட்டமாகாது என்ற 1995 தர்க்கத்தை நீட்டினால் அயல்நாட்டு விருதும் தப்பிவிடும். ஆனால் அந்தத் தீர்ப்பின் மையம் உள்நாட்டு விருதுகள்; அங்கே சொல்லப்பட்ட காரணம், சொந்த அரசு சிறந்த பணியை ஊக்குவிக்கலாம் என்பது. அயல் அரசுக்கு அந்தக் காரணம் பொருந்தாது.

வேலிகளும் திறந்த கேள்விகளும்

பிற நாடுகள் அடிபட்டுத்தான் வேலி போட்டன. பிரெஞ்சு அதிபர் ழூல் கிரேவியின் மருமகன் விருதுகளை விற்ற ஊழலில் 1887இல் அதிபரே பதவி விலகினார். இன்று பிரான்ஸில் நாடாளுமன்ற உறுப்பினர் பதவிக்காலத்தில் லெஜியன் ஆஃப் ஆனர் பெற முடியாது. சிறைத்தண்டனை உறுதியானதால் முன்னாள் அதிபர் சர்கோசியிடமிருந்து 2025இல் அது பறிக்கப்பட்டது. பிரிட்டனில் லாயிட் ஜார்ஜ் காலத்துப் பட்ட வியாபாரம் 1925இல் ஒரு தடைச்சட்டத்தைக் கொண்டுவந்தது. பணம் கைமாறுவதை இவை ஓரளவு தடுத்தன. அரசியல் கணக்கைத் தடுத்ததாகச் சொல்ல முடியாது. இந்தியாவின் பத்ம விருதுகளுக்கு அமைச்சரவைச் செயலர் தலைமையில் ஒரு குழு இருக்கிறது. ஆண்டுதோறும் பிரதமர் அதை அமைக்கிறார். பொதுமக்களும் இணையவழியே பரிந்துரைக்கலாம். அண்மைக் காலத்தில் பெயர் தெரியாத நாட்டார் கலைஞர்களும் இயற்கை வேளாண்மை செய்பவர்களும் பட்டியலில் வருவதற்கு இந்தத் திறப்பு உதவியிருக்கிறது என்பதை மனதாரப் பாராட்ட வேண்டும். பொதுவாழ்வு என்ற பிரிவில் அந்த மாற்றத்தைக் காணோம்.

பதவியில் இருப்பவருக்கும், விலகிக் குறிப்பிட்ட ஆண்டுகள் ஆகாதவருக்கும் விருது இல்லை என்ற விதி, கிருபளானியின் இரண்டாவது காரணத்துக்குப் பாதி விடையாகும் என்று தோன்றுகிறது. பாதிதான், ஏனெனில் நரசிம்ம ராவ் மறைந்து ஏறத்தாழ இருபது ஆண்டு கழித்துக் கிடைத்த விருதும் அரசியல் வாசிப்பிலிருந்து தப்பவில்லை. எத்தனை ஆண்டு போதும், அயல்நாட்டு விருதுக்கு நாடாளுமன்றத்தின் பார்வை வேண்டுமா, கொடுத்ததைத் திரும்பப் பெறுவதை யார் தீர்மானிப்பது என்பவை இன்னும் விவாதிக்கப்படாதவை. பாரத ரத்னாவுக்கோ குழுவே கிடையாது; பிரதமர் பரிந்துரைத்தால் போதும், குடியரசுத் தலைவர் வழங்குவார். இதுவரை பெற்ற 53 பேரில் பாதிக்கு மேல் அரசியலர் என்பதால் இந்த இடைவெளி சிறிய விஷயமல்ல. அதை அடைக்க அரசமைப்புத் திருத்தம் தேவையில்லை. குடியரசுத் தலைவரின் அறிவிக்கையால் தொடங்கிய விருதுக்கு இன்னோர் அறிவிக்கை போதும். 1954 முதல் இன்றுவரை எந்தக் கட்சியின் அரசும் அதை வெளியிடவில்லை.